நீளுதலும் நீட்டுதலும்

"ரோபோவின் எப்பகுதியும் குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால் நீளக்கூடாது" என்று ஒரு போட்டி விதி இருப்பதாகக் கொள்வோம். ஆட்டத்தின் நடுவே எதிரணி ரோபோ வந்து மோதுகிறது. மோதிய வேகத்தில் நம் ரோபோவின் கை வளைந்து, எல்லையைத் தாண்டி ஒரு விரற்கடை அளவுக்கு வெளியே நிற்கிறது. விதி மீறப்பட்டதா? நீண்டது உண்மை. ஆனால் நாம் நீட்டவில்லை. தமிழில் சிந்திப்பவருக்கு இவ்விரண்டும் வெவ்வேறு வினைகள். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டை ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'எக்ஸ்டெண்ட்' என்ற ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லின் மீது மூன்று பெண்களின் எட்டு மாத உழைப்பு சரிந்ததை அருகில் நின்று பார்த்தேன் என்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் கடக்வாஸ்லாவில் குடியிருக்கிறேன். புனே நகரத்து வாடகை ஆய்வு உதவித்தொகைக்கு எட்டாது. இங்கே ஓரளவு எட்டும். மேல்தளத்தில் மூன்று பொறியியல் மாணவிகள் தங்கியிருக்கின்றனர். ஒருத்தி மராத்வாடாவின் சிற்றூரிலிருந்து வந்தவள். மற்ற இருவர் சதாரா மாவட்டத்தினர். மூவரும் பள்ளிப்படிப்பு முழுவதையும் மராத்தி வழியில் படித்தவர்கள். நான் மொழியியல் படிப்பவள் என்று தெரிந்ததும் ஒருநாள் அச்செடுத்த விதிநூல் ஒன்றைக் கொண்டுவந்து, "தாயி, இதில் உள்ள ஆங்கிலம் ஆங்கிலமாகவே இல்லை, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றனர். (மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்பர். முதல் சில மாதங்கள் அது என் காதில் தாயாகவே விழுந்தது.) அவர்கள் சொன்னது சரி. அது ஆங்கிலம் அன்று, சட்டம். நாற்பது பக்கச் சட்டம். கணிசமான பகுதி அளவைப் பற்றியது: ரோபோ எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எவ்வளவு தூரம் கை நீட்டலாம், எப்போது, எந்தத் திசையில்.

இவ்வளவு விதி எதற்கு என்று தொடக்கத்தில் எனக்கும் தோன்றியது. பெரிதாகச் செய்பவர் பெரிதாகச் செய்துகொள்ளட்டுமே! அளவுக்கு வரம்பில்லையெனில் எந்த ஆட்டமும் ஆட்டமாக இராது என்பது பிறகுதான் விளங்கியது. பத்து மீட்டர் களத்தில் பத்து மீட்டர் கை கொண்ட ஒன்றை நிறுத்திவிட்டால், அது நகராமலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடும். ரோபோ என்ற பெயரில் ஒரு பாரந்தூக்கி வென்றுவிடும். நகர்தல், தேடுதல், திட்டமிடுதல் ஆகிய அனைத்தும் பொருளிழந்துபோகும். வரம்பு இருப்பதால்தான் சிந்திக்க வேண்டிய தேவை பிறக்கிறது.

பொதுவாக இரண்டு வகை வரம்புகள் உள்ளன. ஆட்டம் தொடங்கும் கணத்தில் இருக்க வேண்டிய அளவு ஒன்று. தொடங்கியபின் விரிந்துகொள்ள அனுமதிக்கப்படும் அளவு மற்றொன்று. உலகெங்கும் பள்ளி மாணவர்கள் ஆடும் வெக்ஸ், ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் ஆகிய போட்டிகளில் தொடக்க அளவு 18 அங்குலக் கனசதுரம். அளவுப் பெட்டிக்குள் ரோபோவை வைத்துப் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் களத்திற்குள் செல்ல இயலாது. ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்சில் தொடங்கியபின் விரிவதற்குப் பெரும்பாலான பருவங்களில் தடை இருந்ததில்லை. 2024-25 பருவத்தில்தான் கிடைமட்டத்தில் 20 அங்குலத்துக்கு 42 அங்குலம் என்ற செவ்வகத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டினார்கள். மூத்த மாணவர்களின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்படிஷனில் இந்த எல்லை ஆண்டுதோறும் மாறும். 2020ஆம் ஆண்டு ஆட்டத்தில் சட்டகத்திற்கு வெளியே 12 அங்குலம் வரைதான் நீளலாம். 2023இல் அதுவே 48 அங்குலம். முன்னது பந்தெறியும் ஆட்டம், பின்னது பொருள்களை உள்ளடங்கிய தட்டுகளில் கொண்டுபோய் அடுக்கும் ஆட்டம். ஆட்டத்தை வகுப்பவர்கள் மாணவர்களின் கற்பனையைத் திருப்பிவிடும் மதகு போல இந்த எண்ணைக் கையாள்கிறார்கள். எண்ணைச் சற்றே திறந்தால் வேறொரு வகை இயந்திரம் பிறக்கிறது.

18 அங்குலம் என்ற எண்ணில் ஒரு தமிழருக்கு மட்டும் வாய்க்கக்கூடிய சிறு மகிழ்ச்சி இருக்கிறது. அது ஒரு முழம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, இரண்டு சாண், இருபத்துநான்கு விரல். அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் தம்மையறியாமல் முழக் கனசதுரத்துக்குள் ரோபோவை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் முழம் என்றதுமே நம் ஊரில் எழும் அடுத்த கேள்வி, யாருடைய முழம் என்பது. பூக்காரம்மா அளக்கும் முழத்துக்கும் வாங்குபவர் மனத்தில் இருக்கும் முழத்துக்கும் இடையில் தினமும் ஒரு வழக்கு நடக்கிறது. மராத்தியிலும் உடலே அளவுகோல்: சாணுக்கு 'வீத்', முழத்துக்கு 'ஹாத்'. நாம் 'சாண் வயிறு' என்பதை அவர்களும் 'வீத்பர் போட்' என்றே சொல்கிறார்கள். இதைச் சொன்னபோது மேல்தளத்து மூவரும் சிரித்த சிரிப்பில், விதிநூலின் மீதிருந்த அச்சம் பாதி கலைந்துவிட்டது.

அளவுப் பெட்டியின் பெருமை, அது யாருடைய கையும் அன்று என்பதுதான். இருப்பினும் பெட்டி அளக்கக்கூடியது அசையாத ரோபோவை மட்டுமே. அசையத் தொடங்கியபின் அளப்பது நடுவரின் கண். வழக்குகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இனி அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூவரில் மராத்வாடாக்காரிதான் கையை வடிவமைத்தவள். ஒன்றனுள் ஒன்று அடங்கும் அலுமினியச் சட்டங்கள். நூலை இழுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவள் எனக்கு விளக்கிய கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். மானுடவியல் புலத்து நண்பர்களுக்கும் பயன்படும். ஒரு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் நிற்கும் சட்டத்தின் நுனியில் ஓர் எடையைத் தொங்கவிட்டால் அது தாழும். சட்டத்தின் நீளத்தை இரட்டித்தால் தாழ்வு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். சட்டத்தின் சொந்த எடையை மட்டும் கணக்கில் கொண்டால் பதினாறு மடங்கு. ஆகவே நீளத்தைக் கூட்டுவதற்கு ஒரு கட்டத்திற்குமேல் இயற்கையே அனுமதி மறுத்துவிடுகிறது. கையைத் தடிமனாக்கினால் எடை கூடும். எடை கூடினால் ரோபோ முன்புறம் கவிழும். கவிழாதிருக்கப் பின்புறம் பாரம் ஏற்றினால் மொத்த எடை வரம்பு தாண்டும். "விதி ஒரு பக்கம் தடுக்கிறது, பூமி மறுபக்கம் தடுக்கிறது" என்றாள். நீளம் கூடும்போது பரப்பு வர்க்கமாகவும் எடை கனமாகவும் கூடும் என்பதை 1638லேயே கலிலியோ எலும்புகளை வைத்து எழுதிவிட்டார். எங்கள் ஊரில் இயங்கும், 1916இல் தொடங்கப்பட்ட மத்திய நீர்மின் ஆராய்ச்சி நிலையத்தில் அணைகளையும் துறைமுகங்களையும் சிறு மாதிரிகளாகக் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். அங்கும் இதே சிக்கல்தான். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்க முடியாது. நீளத்தை நூற்றில் ஒன்றாகச் சுருக்கினால் காலத்தைப் பத்தில் ஒன்றாகத்தான் சுருக்க வேண்டும். அளவு என்பது வெறும் அளவன்று என்பதைக் கடக்வாஸ்லாவில் இருப்பவர் எளிதில் மறக்க முடியாது.

எட்டுதல் புனேயின் பழைய விளையாட்டும்கூட. ஆசிய-பசிபிக் ஒலிபரப்புச் சங்கம் 2002 முதல் நடத்திவரும் ரோபோகான் போட்டி இரண்டுமுறை பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் நடந்தது. முதன்முறை 2008இல். அதன் கருப்பொருள் 'கோவிந்தா'. கண்ணன் வெண்ணெய்ப் பானையை எட்டிய கதை. மும்பையிலும் புனேயிலும் தெருவெங்கும் 'தஹி ஹண்டி'யாக ஆடப்படுவது, நம் ஊரில் உறியடி. ஒரு பண்டிகையின் மையமே 'எட்டுவதா, எட்டாததா' என்ற கேள்வியாக இருக்கும்போது அதை ரோபோ ஆட்டமாக்கியது மிகப் பொருத்தம். இரண்டாவது முறை 2014 ஆகஸ்ட் 24. அப்போது கருப்பொருள் பெற்றோருக்கு வணக்கம். பெற்றோர் ரோபோ ஒன்று, குழந்தை ரோபோ ஒன்று. பெரியது சிறியதைத் தூக்கிச் சென்று ஏற்றப்பலகையிலும் ஊஞ்சலிலும் வைத்து விளையாட்டுக் காட்ட வேண்டும். குழந்தை தானாகவும் ஏற வேண்டும். எல்லாப் பணிகளையும் முடித்த அணிக்குக் கிடைக்கும் முழு வெற்றியின் பெயர் 'ஷாபாஷ்'. நாம் 'சபாஷ்' என்று வாங்கிக்கொண்ட அதே பாரசீகச் சொல். வியட்நாமின் லாக் ஹோங் பல்கலைக்கழகம் வென்றது. ஆறாண்டு இடைவெளியில் அதே களத்தில் ஆட்டம் எட்டுவதிலிருந்து ஏந்துவதற்கு மாறியிருக்கிறது என்பது என் தனிப்பட்ட ரசனைக்குரிய செய்தி. ஆய்வு முடிவாகக் கொள்ள வேண்டாம்.

அதே 2014 ஆகஸ்டில்தான் மும்பை உயர்நீதிமன்றம் தஹி ஹண்டியின் மனிதக் கோபுரத்துக்கு 20 அடி உயர வரம்பு விதித்து, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஏறத் தடை சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2016இல் அங்கே 20 அடி வரம்பைத் தளர்த்த மறுத்தனர். 2017இல் உயர்நீதிமன்றத்தில் உயர வரம்பு கைவிடப்பட்டு, பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஏறக்கூடாது என்ற கட்டுப்பாடு நின்றது. ரோபோ விதிநூலைப் படித்தபின் இந்தத் தீர்ப்புகளின் வரலாற்றைப் பார்த்தால் ஒற்றுமை வியப்பளிக்கிறது. எட்டும் உயரத்தை வரையறுப்பதா, எட்டுபவரை வரையறுப்பதா? அளவுக்கு வரம்பா, ஆளுக்கு வரம்பா? அங்கே ஊசலாடியது உயிர் என்பதால் ஒப்பீட்டை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

விதிக்கும் அதில் புகுந்து வெளிவருபவருக்கும் இடையே நடக்கும் உரையாடல்தான் என் ஆய்வு மனத்தை ஈர்த்தது. 1977இல் மின் பொறியாளர்களின் அமெரிக்க இதழ் ஒன்று 'மைக்ரோமவுஸ்' போட்டியை அறிவித்தது. புதிர்ப்பாதையைத் தானே சிந்தித்துக் கடக்கும் எலி வேண்டும் என்றது. 1979இல் நியூயார்க்கில் நடந்த இறுதியில் சிந்திக்கும் எலிகளை முந்தியது ஒரு மூளையற்ற எலி: சுவரை உரசியபடியே வேகமாக ஓடி வெளியே வந்துவிட்டது. அதன்பின் ஐரோப்பாவில் போட்டி நடத்திய ஜான் பில்லிங்ஸ்லி இலக்கைப் புதிரின் நடுவே கொண்டுபோய் வைத்தார். சுவரை மட்டும் தொடர்ந்தால் எட்ட முடியாதபடி. இன்றும் மரபார்ந்த மைக்ரோமவுஸில் எலி 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இருக்கலாம்; ஆனால் அறையோ 18 சென்டிமீட்டர்தான். உடல் பாதையைவிட அகலமாக இருக்க விதி இடம்தருகிறது! சுவரின் உயரம் 5 சென்டிமீட்டர் என்பதால், அதற்கு மேலே இறக்கை போலக் கைகளைப் பரப்பிச் சுவர்களை மேலிருந்து குனிந்து பார்த்த எலிகள் அக்காலத்தில் இருந்தன. உயரத்துக்கு வரம்பே இல்லை. சுமோ ரோபோக்களில் சிறு வகைக்கு 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், 500 கிராம். அங்கும் உயரம் கட்டற்றது, ஆட்டம் தொடங்கியதும் விரியலாம். எனவே சில ரோபோக்கள் மணி அடித்த கணத்தில் பக்கவாட்டில் கொடிகளை விரித்து, எதிரியின் உணரியை ஏமாற்றி, உடல் அங்கே இருப்பதாக நம்பவைக்கும். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. விதி சொல்லாமல் விட்டதைச் செய்வது, மொழியில் இலக்கணம் தடுக்காத புதுத்தொடரை ஆக்குவதற்கு ஒப்பானது.

இதற்கு நேர்மாறாக, உடலமைப்பையே கட்டுப்படுத்தும் விதிகளும் உள. ரோபோகப் கால்பந்தின் சிறுவகையில் ரோபோ 18 சென்டிமீட்டர் விட்டமும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட உருளைக்குள் அடங்க வேண்டும். மனிதவடிவப் பிரிவில் விதி இன்னும் நுட்பமானது: கால்களின் நீளம் மொத்த உயரத்தில் 0.35 பங்குக்குக் குறையவும் 0.7 பங்கை மிஞ்சவும் கூடாது, தலை 0.05 முதல் 0.25 பங்கு வரை. இதைப் படித்தபோது மாமல்லபுரத்துச் சிற்பிகளின் தாலக் கணக்கு நினைவுக்கு வந்தது. உத்தம தசதாலம் என்றால் 124 அங்குலப் பகுப்பு, நவதாலம் என்றால் 108. முகம் இத்தனை, கழுத்து இத்தனை, தொடை இத்தனை. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்ற பழமொழியின் பின்னால் இருப்பதும் அதே எண்ணம். எது மனிதவடிவம் என்று சொல்ல வேண்டிய நெருக்கடி ஏற்படும்போது சிற்ப நூலாரும் விதிநூலாரும் விகிதத்தையே நாடுகின்றனர். வேறுபாடு, சிற்பிக்குத் தாலம் அழகின் அளவை. ரோபோகப் விதிக்கோ அது ஏமாற்றைத் தடுக்கும் வேலி. குட்டையான கால்களும் பெரும்பாதங்களும் வைத்துக்கொண்டு விழாமலேயே வென்றுவிடக்கூடாது அல்லவா.

இப்போது அந்த ஆட்டம். நாடளவிலான கல்லூரிப் போட்டி; பெயர் தேவையில்லை. கை எல்லைக்குள் இருந்தது. எதிரணி ரோபோ பக்கவாட்டில் இடித்தது. கை முறுக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டி வெளியே நின்றது. உள்ளே இழுக்கும் நூல் அறுந்துவிட்டது. நடுவர் கொடி உயர்த்தினார். தகுதிநீக்கம். முறையிட ஒரு நிமிடம் உண்டு. குழுத்தலைவி ஓடினாள். மராத்தியில் எந்த வழக்கறிஞரையும் வாயடைக்கச் செய்யக்கூடியவள், ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தைத்தான் மீண்டும் மீண்டும் சொன்னாள்: "ஆர்ம் டிட் நாட் எக்ஸ்டெண்ட். தே எக்ஸ்டெண்டட் இட்." கை நீளவில்லை, அவர்கள் நீட்டினார்கள். நடுவர் பொறுமையாகவே கேட்டார்: "எல்லைக்கு வெளியே இருந்ததா, இல்லையா?" இருந்தது. முடிந்தது.

மொழியியல் வகுப்பில் இத்தகைய ஆங்கில வினைகளைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் பேசியிருக்கிறோம். கதவு திறந்தது, அவன் கதவைத் திறந்தான் என இருவகையிலும் வரும் வினைகள். தமிழில் 'திற' என்பதும் அப்படித்தான் என்றாலும், இடமாற்றத்தையும் வடிவமாற்றத்தையும் குறிக்கும் ஏராளமான வினைகளில் நாம் தவறாது பிரிக்கிறோம்: நீள்-நீட்டு, உருள்-உருட்டு, திரும்பு-திருப்பு, ஓடு-ஓட்டு. மராத்தியிலும் 'வாட்ணே' தானே வளர்வது, 'வாடவ்ணே' வளர்ப்பது. அந்தப் பெண்ணின் தாய்மொழி அவளுக்கு வழங்கியிருந்த வேறுபாட்டை, செயலாற்றியவர் யார் என்ற கேள்வியை, அவள் ஆங்கில வாக்கிய அமைப்பால் மட்டுமே கொண்டுவர முயன்றாள். அவள் வாக்கியம் இலக்கணப்படி பிழையற்றது, வாதமும் பிழையற்றது. விதிநூலில் அதைக் கேட்க ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

நடுவரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. மூன்று நிமிட ஆட்டத்தில் நோக்கத்தை அளக்க நாடா கிடையாது. விளைவை மட்டும் பார்ப்பது என்ற முடிவில் நியாயம் உண்டு. ஆனால் அப்படியானால் விதி அதைச் சொல்லியிருக்க வேண்டும்: எக்காரணத்தால் நேரினும், எவரால் நேரினும் என்று. சொல்லும் விதிகளும் உள்ளன. ஃபர்ஸ்ட் போட்டியின் கையேடுகளில், எதிரணியை விதி மீறச் செய்வதையே உத்தியாகக் கொண்டால், அவ்வாறு வலிந்து நேர்ந்த மீறலுக்குத் தண்டனை இல்லை என்று ஆண்டுதோறும் எழுதியிருப்பார்கள். வெக்ஸிலும் இதையொத்த விதி உண்டு. அங்கே பிறவினைக்கு ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் படித்த நாற்பது பக்கங்களில் அதற்கு ஒரு முக்காலிகூட இல்லை. விதியை எழுதுபவர்களும் ஆடுபவர்களும் பெரும்பாலும் வேறு தாய்மொழியினராக இருக்கும் ஒரு நாட்டில், ஒரே ஒரு மொழியில், அதுவும் முறையீட்டுக்கு ஒரு நிமிடம் மட்டும் தந்து நடத்துவது அளவுப் பெட்டியின் நேர்மைக்கு ஒவ்வாதது. பெட்டி எல்லோருக்கும் ஒரே முழம். மொழி அப்படியில்லை, அங்கே சிலருக்குக் கை நீளம்.

இழப்பு கோப்பை மட்டுமன்று. அடுத்த பருவத்துக்குக் கல்லூரி பணம் ஒதுக்குவது இரண்டாம் சுற்றுக்குத் தகுதி பெறுவதைப் பொறுத்தது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மராத்வாடாக்காரியின் வீட்டில், இறுதியாண்டில் இனி இந்த 'விளையாட்டு' வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்ற பழமொழியை அவளுக்கு மராத்தியில் எப்படிச் சொல்வது என்று தேடி, கிடைக்காமல், சொல்லாமலே விட்டேன். அதுவே நல்லது.

இரண்டு வாரம் கழித்து அவளே கீழே வந்தாள். விதிகளை ஆங்கிலம், மராத்தி, தமிழ் என மூன்று நிரலில் எழுதிவைத்தால் எந்த விதியில் 'யார்' என்பது காணாமற்போகிறது என்று கண்டுபிடித்துவிடலாம், ஆட்டத்திற்கு முன்பே விளக்கக் கேள்வி அனுப்பலாம் என்றாள். பெரும்பாலான போட்டிகளில் அதற்கென்று கால அவகாசம் உண்டு, யாரும் பயன்படுத்துவதில்லை. இப்போது அறுபதுக்கும் மேற்பட்ட விதிகளை எழுதி முடித்திருக்கிறோம். பதினொன்றில் செய்பவர் இல்லை. மராத்தி நிரலில் 'ரீச்' என்பதற்கு அவள் 'ஆவாகா' என்று எழுதினாள். எட்டும் பரப்பு, செய்துமுடிக்கும் திறன் இரண்டையும் குறிக்கும் அழகிய சொல். தமிழ் நிரலில் நான் 'எட்டம்' என்று எழுதி அடித்தேன், 'வீச்சு' என்று எழுதி அடித்தேன். முன்னது தூரத்தைச் சுட்டுகிறது, பின்னது ஆட்டத்தை. 'கையெட்டும் எல்லை' என்பது சரி, ஆனால் நீளம்.

ஆகவே இப்பதிவைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பாரந்தூக்கி ஓட்டுபவர்கள், தச்சர்கள், கொத்தனார்கள், துரட்டியால் முருங்கை பறிப்பவர்கள் ஆகியோர் ஒரு கருவி எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சுட்ட உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்? ஊர்ப் பெயரோடு, முடிந்தால் அவர்கள் சொன்ன முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். மூன்றாம் நிரலில் இன்னும் சில கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. விளக்கக் கேள்விகளை அனுப்ப அடுத்த மாதம்தான் கடைசி நாள்.